ஓடிக்கொண்டிருக்கும் வைட்பாடி விமானத்தை மேம்படுத்துவது எப்படி? ஏ330 நமக்குக் காட்டும் வழி

2004இல் போயிங் 787 என்ற வைட்பாடி (இரண்டு நடைபாதை கொண்ட அகன்ற உடல்) விமானத்தை அறிவித்தபோது ஏர்பஸ் கையில் ஒரு பதில் இருந்தது. ஏ330ஐ எடுத்துக்கொள்வோம், புது எஞ்சின் போடுவோம், இறக்கையைத் திருத்துவோம், ஏ350 என்று பெயர் வைப்போம் என்றார்கள். வாங்குபவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2006 மார்ச்சில் ஐஎல்எஃப்சி என்ற பெரிய விமானக் குத்தகை நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவன் உத்வார்-ஹாசி, இது போதாது, புதிதாக ஒரு விமானம் செய்யுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த ஜூலையில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் ஏர்பஸ் பழைய திட்டத்தை ஓரம்கட்டி, முழுக்கப் புதிய ஏ350 எக்ஸ்டபிள்யூபியை அறிவித்தது.

எட்டு வருடம் கழித்து, 2014 ஜூலையில், அதே ஃபார்ன்பரோவில் ஏர்பஸ் மறுபடியும் அதே மாதிரி ஒரு திட்டத்தோடு வந்தது. ஏ330 உடம்பு, புது எஞ்சின், திருத்திய இறக்கை. பெயர் ஏ330நியோ. இந்த முறை வாங்க ஆள் இருந்தது. இன்றுவரை 300க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் வந்திருக்கின்றன.

ஏறக்குறைய ஒரே யோசனை ஒருமுறை தோற்று, இன்னொரு முறை ஏன் ஜெயித்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால், பழைய வடிவமைப்பை மேம்படுத்தும் வேலை முழுவதையும் படிப்படியாகப் புரிந்துகொள்ளலாம். விமானப் பொறியியல் படிப்பவர்களையும், விமானங்களை ரசித்துப் பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதல் படி: அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள்

விமானம் பழசாகிவிட்டது என்பது நோய் இல்லை. வாங்குபவரின் கணக்கில் எந்த வரியில் நாம் தோற்கிறோம் என்பதுதான் நோய். விமான நிறுவனங்கள் முக்கியமாக இரண்டு கணக்குப் போடும். ஒரு தடவை போய்வர மொத்தச் செலவு எவ்வளவு? அதை இருக்கைகளுக்குப் பிரித்தால் ஒரு இருக்கைக்கு எவ்வளவு? முதல் கணக்கில் எரிபொருளோடு தரையிறங்கும் கட்டணம், பராமரிப்பு, விமானத்தின் மாதத் தவணை எல்லாம் சேரும். இந்தத் தவணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எரிபொருளில் 5 சதவீதம் குறைவாகக் குடிக்கும் விமானத்தின் விலை மிக அதிகமாக இருந்தால், கடைசிக் கூட்டலில் அது தோற்கவும் வாய்ப்புண்டு.

இதைப் பழக ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏர்பஸ், போயிங் இரண்டுமே விமான நிலையத் திட்டமிடலுக்கான ஆவணங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. அதில் பேலோட்-ரேஞ்ச் வரைபடம் இருக்கும். அதாவது, எவ்வளவு சுமையோடு எவ்வளவு தூரம் போகும் என்ற கோடு. உங்கள் விமானத்தின் கோட்டையும் போட்டியாளரின் கோட்டையும் ஒரே தாளில் வரையுங்கள். அப்புறம் விமான நிறுவனங்கள் நிஜமாகப் பறக்கும் தடங்களை அதன்மேல் புள்ளிகளாகக் குத்துங்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,600 கி.மீ., கோலாலம்பூரிலிருந்து லண்டன் சுமார் 10,600 கி.மீ. இப்படி ஒரு ஐம்பது புள்ளி குத்தினால் போதும், படம் தெளிந்துவிடும்.

787-9 சுமார் 14,000 கி.மீ. போகக்கூடியது. ஆனால் அந்தத் தூரத்துக்கு ஏற்ற கட்டமைப்பின் எடையை நான்கு மணி நேரப் பயணத்திலும் அது சுமந்தே ஆக வேண்டும். ஏ330இன் பலம் நடுத்தரத் தூரத்தில் இருந்தது. 2014இல் ஏர்பஸ் இதைத்தான் எடுத்துச் சொன்னது. உலகின் கடைசி மூலைக்குப் போக எங்களிடம் ஏ350 இருக்கிறது, ஏழெட்டு மணி நேரத் தடங்களுக்கு விலை குறைவான, சீக்கிரம் கைக்கு வரும் விமானம் வேண்டுமானால் இதோ. 2006இல் இதே விமானத்தை 787க்கு நேருக்கு நேர் நிறுத்தியதுதான் தவறு. கருவி ஒன்றேதான், நிறுத்திய இடம்தான் மாறியது.

787 தாமதமானதும் இதற்குக் கைகொடுத்தது. 2008இல் வர வேண்டிய 787, 2011 அக்டோபரில்தான் ஆல் நிப்பான் ஏர்வேஸில் சேவைக்கு வந்தது. இடைப்பட்ட வருடங்களில் விமானம் உடனே வேண்டும் என்றவர்கள் ஏ330ஐ வாங்கினார்கள். ஆக 2014இல் ஏ330 ஓட்டத் தெரிந்த பைலட்டுகளும் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் உலகம் முழுவதும் நிறைந்திருந்தார்கள்.

இரண்டாம் படி: எதைத் தொடக் கூடாது என்று எழுதி வையுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமான படி இதுதான். எதை மாற்றலாம் என்ற பட்டியல் தானாக நீளும். எதை மாற்றக் கூடாது என்பதை முதலிலேயே எழுதிச் சுவரில் ஒட்டாவிட்டால், பாதி வழியில் உங்கள் கையில் ஒரு அரைகுறைப் புது விமானம் இருக்கும். புதுசின் செலவும் பழசின் குறையும் அதில் சேர்ந்தே இருக்கும்.

தொடக் கூடாதவற்றில் முதலாவது உடல்பகுதியின் குறுக்குவெட்டு. ஏ330இன் உடல் விட்டம் 5.64 மீட்டர். இந்த அளவு 1972இல் முதலில் பறந்த ஏ300 விமானத்தோடு பிறந்தது. ஏ310, ஏ330, ஏ340 எல்லாமே அதே உருளையில்தான் வந்தன. அரை நூற்றாண்டாக ஒரு அளவு நிலைத்து நிற்கக் காரணம் உண்டு. பயணிகள் தளத்துக்குக் கீழே சரக்கறையில் எல்டி-3 என்ற பெட்டிகளை ஏற்றுவார்கள். அலுமினியப் பெட்டி, ஒரு பக்கத்துக் கீழ்மூலை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அடியில் ஒன்றரை மீட்டர் அகலம், மேலே இரண்டு மீட்டர். அந்தச் சாய்வு விமானத்தின் வயிற்று வளைவோடு ஒட்டிக்கொள்ளும். 5.64 மீட்டர் உருளையில் இரண்டு எல்டி-3 பெட்டிகள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் சரியாக உட்காரும், இடம் வீணாகாது.

போயிங் 767இன் உடல் 5.03 மீட்டர்தான். இரண்டு எல்டி-3 பக்கத்தில் பக்கத்தில் நுழையாது. எல்டி-2 என்ற குறுகலான பெட்டி வேண்டும். 1990களின் இறுதியில் ஏ330-200 வந்து 767-300இஆர் சந்தையைப் பிடித்தபோது, போயிங் 767ஐ இன்னும் நீட்டி 767-400இஆர் செய்தது. புது இறக்கை நுனி, புது லேண்டிங் கியர், புது காக்பிட் எல்லாம் போட்டார்கள். டெல்டா, கான்டினென்டல் இரண்டு நிறுவனங்கள் மட்டுமே வாங்கின. மொத்தம் கட்டியது 38. குறுக்குவெட்டு சிறிதாக இருந்ததை எந்த மேம்பாடும் ஈடுகட்டவில்லை. எனவே, உங்கள் அடிப்படை விமானத்தின் உடல் அளவு இன்றைய சந்தைக்குப் பொருந்துகிறதா என்று முதலில் கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டுப் புது விமானம் வரையத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது, பைலட் தகுதி. ஏ330 ஓட்டுபவர் நியோவுக்கு மாறச் சின்னப் பயிற்சி போதும் என்றால், அது வாங்குபவருக்கு நேரடி லாபம். மூன்றாவது, விமான நிலையம். சர்வதேச விதிப்படி கோடு-இ (Code E) வகை நிறுத்துமிடத்தில் 65 மீட்டருக்குக் குறைவான இறக்கை அகலமே (ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை) அனுமதி. அதைத் தாண்டினால் நீங்கள் ஏ380 வரிசையில் சேர்ந்துவிடுவீர்கள். பல ஊர்களில் அதற்கு கேட் இருக்காது. இந்த 65ஐ நினைவில் வையுங்கள், இறக்கைக்கு வரும்போது திரும்ப வருவோம்.

மூன்றாம் படி: எஞ்சின்

பெரும்பாலான லாபம் இங்கேதான் வரும். ஆனால் எஞ்சின் நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் சதவீதம் அப்படியே விமானத்துக்கு வராது.

பழைய ஏ330இல் இருந்த எஞ்சின்களில் ஒன்று ரோல்ஸ் ராய்ஸ் டிரெண்ட் 700. அதன் விசிறி விட்டம் 2.47 மீட்டர். நியோவின் டிரெண்ட் 7000க்கு 2.84 மீட்டர். விட்டத்தில் 37 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், பரப்பளவில் பார்த்தால் 32 சதவீதம் அதிகம். தள்ளுவிசை ஏறத்தாழ அதே 72,000 பவுண்டு. அப்புறம் எதற்குப் பெரிய விசிறி? நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். மையப் பகுதி வழியாகப் போகும் காற்றோடு ஒப்பிட்டால் அதைச் சுற்றிப் போகும் காற்று எத்தனை மடங்கு என்பதை பைபாஸ் விகிதம் என்பார்கள். டிரெண்ட் 700க்கு அது சுமார் 5. டிரெண்ட் 7000க்கு சுமார் 10.

இதற்கு விலை உண்டு. பெரிய விசிறிக்குப் பெரிய கூடு வேண்டும், கூடு பெரிதானால் அதன் இழுவிசை, அதாவது காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, கூடும். எஞ்சின் கனமாகும், அதை இறக்கையோடு பிணைத்துத் தாங்கும் பைலான் என்ற பாகம் கனமாகும், அதைத் தாங்கும் இறக்கையின் இடமும் பலப்பட வேண்டும். கீழே தரைக்கும் எஞ்சினுக்கும் இடைவெளி வேண்டும். ஏ330நியோவில் பைலானைப் புதிதாக வடிவமைத்தார்கள். இறக்கைக்கு அடியில் எஞ்சின் மேல்நோக்கி நெருங்கி வரும்போது, இரண்டுக்கும் நடுவே போகும் காற்று நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இது சுலபமில்லை.

ஒரு தோராயக் கணக்கைக் கையில் எடுங்கள். எஞ்சின் மட்டும் 11 சதவீதம் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் எடையால் 2 சதவீதம் போகும், கூட்டின் இழுவிசையால் 1 சதவீதம் போகும். மீதி 8. விற்பனைப் பிரிவு 11 என்று வெளியே சொல்லும் முன் வடிவமைப்பாளர் 8 என்று உள்ளே சொல்லியிருக்க வேண்டும். இடையில் இருக்கும் அந்த மூன்றை எங்கிருந்து மீட்பது என்பதுதான் அடுத்த படியின் வேலை.

அதற்கு முன் ஒரு நுணுக்கம். டிரெண்ட் 7000 எங்கிருந்தோ புதிதாக முளைத்தது இல்லை. 787க்காகச் செய்த டிரெண்ட் 1000 குடும்பத்தின் டென் என்ற வகைதான் அதன் அடிப்படை. ஆனால் 787இல் கேபினுக்குக் காற்று கொடுக்க மின்சாரக் கம்ப்ரஸர்கள் இருக்கின்றன, எஞ்சினிலிருந்து காற்று எடுப்பதில்லை. ஏ330இன் பழைய அமைப்புகளோ எஞ்சினிலிருந்து எடுக்கும் சூடான காற்றை நம்பியே இருக்கின்றன. ஆகவே அந்த எஞ்சினில் காற்றெடுக்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஏ330ஐ 787 மாதிரி மின்சார விமானமாக மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றியிருந்தால் குளிர்சாதனம், பனி உருக்கும் அமைப்பு, ஜெனரேட்டர், வயரிங் என்று ஒன்றையும் விடாமல் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அது இரண்டாம் படியை மீறுவது. இங்கே எஞ்சினை விமானத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள், விமானத்தை எஞ்சினுக்கு ஏற்றபடி இல்லை. இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரவல் எஞ்சினில் ஒரு ஆபத்தும் உண்டு. அதன் குடும்பத்து நோயும் கூடவே வரும். 787களில் டிரெண்ட் 1000 எஞ்சின்களின் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பழுதாகிப் பல விமானங்கள் தரையில் நிற்க நேர்ந்தது. அதே குடும்பம் என்பதால் டிரெண்ட் 7000இன் உழைப்பும் கேள்விக்கு உள்ளானது. ஒரே எஞ்சின் நிறுவனத்தை மட்டும் நம்பினால் அட்டவணையும் அவர்கள் கையில்தான். நியோ 2017 கடைசியில் சேவைக்கு வர வேண்டியது. எஞ்சின் தாமதத்தால் அந்த வருடம் அக்டோபர் 19ஆம் தேதிதான் முதல் பறப்பே நடந்தது. முதல் விமானம் 2018 நவம்பரில் டாப் ஏர் போர்ச்சுகலுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான்காம் படி: இறக்கை

ஒரு விமானத்தின் தூரத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வேகம், எஞ்சினின் எரிபொருள் சிக்கனம், தூக்குவிசைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம், மொத்த எடையில் எரிபொருளின் பங்கு. இவற்றை இணைக்கும் சமன்பாட்டை பிரெகே சமன்பாடு என்பார்கள். வேகத்தைக் கூட்டினால் வேறு தொல்லை. எஞ்சினைப் பார்த்துவிட்டோம். இப்போது மூன்றாவது.

இறக்கை தூக்கும்போது அதன் நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஓடும். அந்தச் சுழல் தின்னும் சக்திக்குத் தூண்டல் இழுவிசை என்று பெயர். அதே எடை, அதே வேகம் என்றால் இந்த இழுவிசை இறக்கை அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இப்போது கணக்குப் பாருங்கள். பழைய ஏ330 இறக்கை அகலம் 60.3 மீட்டர். நியோவுக்கு 64 மீட்டர். 60.3ஐ 64ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.888 வரும். அதாவது தூண்டல் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். சீராகப் பறக்கும்போது மொத்த இழுவிசையில் இதன் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம் என்று எடுத்தால், மொத்தத்தில் சுமார் நாலரை சதவீதச் சேமிப்பு. எஞ்சின் தின்ற மூன்று சதவீதம் இங்கே திரும்பி வந்துவிட்டது, மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

ஏன் 64, ஏன் 70 இல்லை? அந்த 65 மீட்டர் கேட்தான் காரணம். அகலத்தை 65க்குள் அடக்கிவிட்டு, நுனியை ஏ350 பாணியில் மேல்நோக்கி வளைத்தார்கள். ஆனால் இறக்கையை நீட்டினால் அதன் அடிப்பகுதியில் வளைவுச் சுமை கூடும். அதைத் தாங்கத் தகட்டைத் தடிப்பாக்கினால் எடை கூடி, சேமித்ததில் ஒரு பங்கு போய்விடும். அதனால் இறக்கையின் முறுக்கையும் திருத்தினார்கள். எந்த இடம் எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை மாற்றிப் பகிர்ந்தார்கள். சன்னலோரத்தில், இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்து விமானம் கிளம்பும்போது பாருங்கள். ஓடுபாதையில் தொங்கிக்கொண்டிருந்த நுனி, சக்கரம் தரையைவிட்டு எழும் அந்தச் சில நொடிகளில் ஆள் உயரத்துக்கு மேலேறி நிற்கும். அந்த வளைவு முழுவதையும் இறக்கை உடலோடு சேரும் இடம்தான் தாங்குகிறது. கணக்கில் வளைவுச் சுமை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறோம், கண்ணால் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது.

இந்த இறக்கைக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. அதை ஏ330க்கும் நான்கு எஞ்சின் ஏ340க்கும் பொதுவாகவே முதலில் வடிவமைத்திருந்தார்கள். இரண்டு எஞ்சின் விமானத்துக்கு ஆரம்பத்தில் தேவைப்பட்டதைவிட அதில் இடம் இருந்தது. 1994இல் சேவைக்கு வந்த ஏ330-300இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 212 டன். படிப்படியாக அது 242 டன்வரை வந்தது. ஏ330-900இல் இன்று 251 டன். இப்படி வளர இடம் விட்டு வடிவமைத்த விமானம்தான் முப்பது வருடம் போட்டியில் நிற்கும்.

65 மீட்டரைத் தாண்டியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 777எக்ஸ் இருக்கிறது. போயிங் அதற்குக் கூட்டுப்பொருளில் (கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த பொருள்) புது இறக்கை செய்தது. விரித்தால் 71.75 மீட்டர். தரையில் நுனியை மடித்தால் 64.85. விமானியல் ரீதியாக அழகான தீர்வு. ஆனால் புது இறக்கை, மடிப்பு இயந்திரம், புது ஜிஇ9எக்ஸ் எஞ்சின் எல்லாம் ஒரே நேரத்தில். 2013 நவம்பரில் துபாயில் அறிவித்தபோது 2020இல் வரும் என்றார்கள். 2025 முடியும்வரை ஒன்றுகூட ஒப்படைக்கப்படவில்லை. பழைய விமானத்தை மேம்படுத்துவதன் பெரிய சாதகமே சீக்கிரம் வருவதுதான். அது கைநழுவினால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

ஐந்தாம் படி: எடையை வாரந்தோறும் எழுதுங்கள்

இந்த இடத்தில் எம்டி-11இன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் டிசி-10 விமானத்தை எடுத்து, சுமார் ஆறு மீட்டர் நீட்டி, இறக்கை நுனியில் விங்லெட் என்ற நிமிர்ந்த சிறு இறக்கை போட்டு, மூன்று பேர் காக்பிட்டை இரண்டு பேருக்கானதாக்கி, 1990 ஜனவரியில் பறக்கவிட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நிஜத்தில் எடை எதிர்பார்த்ததைவிட அதிகம், இழுவிசை அதிகம், எஞ்சின்கள் சொன்னதைவிட அதிகம் குடித்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தவறுதான். பிரெகே சமன்பாட்டில் அவை ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். சொன்ன தூரம் போக முடியவில்லை. 1991இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 20 விமான ஆர்டரை ரத்து செய்துவிட்டு ஏ340 பக்கம் போனது.

நிறுவனம் அதற்கப்புறம் பல வருடம் ஒரு செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் போட்டு, சின்னச் சின்ன விளிம்புகளைச் செதுக்கி, எடையைக் குறைத்து, கிட்டத்தட்டச் சொன்ன அளவுக்கு விமானத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பொறியாளர்களின் உழைப்பை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அதற்குள் இரண்டு எஞ்சின் 777 வந்துவிட்டது. எம்டி-11 மொத்தம் 200 கட்டியதோடு நின்றது. பிறகு சரக்கு விமானமாக நல்ல பெயர் எடுத்தது.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான். ஒவ்வொரு பாகத்துக்கும் எடை வரம்பு வைத்து, ஒவ்வொரு வாரமும் நிஜ எடையை எழுதி, ஏறினால் அன்றே கேள்வி கேட்பது. ஒரு கிலோ கூடினால் அதைத் தாங்கக் கட்டமைப்பில் கொஞ்சம், அதைத் தூக்க எரிபொருளில் கொஞ்சம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். எஞ்சின் நிறுவனம் சொல்லும் சிக்கனத்தையும் நம்பிக்கையாக எடுக்காமல், தவறினால் நஷ்டஈடு என்ற ஒப்பந்தமாக எடுங்கள்.

ஆறாம் படி: கேபின்

இருக்கை ஒன்றுக்கான செலவைக் குறைக்க இரண்டு வழி. செலவைக் குறைப்பது ஒன்று, இருக்கையைக் கூட்டுவது இன்னொன்று. ஏ330நியோவில் கழிப்பறை, உணவு தயாரிக்கும் இடம், பணியாளர் ஓய்விடம் ஆகியவற்றின் இடத்தை மாற்றிச் சில இருக்கைகளுக்கு இடம் கண்டுபிடித்தார்கள். 2014இல் ஏர்பஸ் சொன்ன, இருக்கைக்கு 14 சதவீத எரிபொருள் சேமிப்பில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

777எக்ஸில் உடலின் வெளி அளவை மாற்றாமல், உட்சுவரைச் செதுக்கி நான்கு அங்குலம் அகலம் எடுத்தார்கள். வரிசைக்குப் பத்து இருக்கை போடும் காலத்தில் அந்த நான்கு அங்குலம் பெரிய விஷயம்.

ஏ330இல் எகானமி வரிசை 2-4-2. கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் நீண்ட தூரம் போன நம்மவர்களுக்கு இது பழக்கமானது. அப்பாவும் அம்மாவும் சன்னலோரம் இரண்டு பேராக உட்கார்ந்தால், எழுந்து போக மூன்றாம் ஆளிடம் அனுமதி கேட்க வேண்டாம். 787இல் பெரும்பாலும் 3-3-3, இருக்கையும் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறுகல். இதை ஒரு சதவீதமாக எழுத முடியாது, ஆனால் பயணி இதை மறக்கமாட்டார். பழைய குறுக்குவெட்டைத் தொடாமல் விட்டதால் கிடைத்த பரிசு இது. அதே நேரம் ஒரு இழப்பையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 787இன் கூட்டுப்பொருள் உடல் அதிக அழுத்தத்தைத் தாங்குவதால் கேபினில் 6,000 அடி உயரத்துக் காற்றழுத்தமே இருக்கும், களைப்பு குறையும். அலுமினிய உடலில் அதற்குச் சமமாக வர முடியாது. அதற்காக உடலை மாற்றப் போகாதீர்கள்.

ஏழாம் படி: நீட்டவா, குறுக்கவா?

பொதுவாக நீட்டிய விமானம் விற்கும், குறுக்கிய விமானம் விற்காது. குறுக்கினாலும் இறக்கையும் சக்கரமும் எஞ்சினும் அதே எடைதான், இருக்கை மட்டும் குறையும். ஏ330-900 நன்றாக விற்கிறது. அதன் குட்டித் தம்பி ஏ330-800ஐ குவைத் ஏர்வேஸ், உகாண்டா ஏர்லைன்ஸ் போன்ற சிலரே வாங்கினார்கள். ஹவாயன் ஏர்லைன்ஸ் ஆர்டரை விட்டுவிட்டு 787-9க்கு மாறியது. ஆனாலும் இதற்கு விதிவிலக்கு உண்டு, அதுவும் இதே குடும்பத்தில்: 1998இல் வந்த ஏ330-200. அது உடலைக் குறைத்து எரிபொருளைக் கூட்டி, அன்று 767-300இஆர் போகாத தூரம் போனது. குறுக்கினால் அதற்கு ஈடாகத் தூரமாவது கிடைக்க வேண்டும்.

ஏற்கெனவே நீட்டிய விமானத்தை மேம்படுத்தியதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 777-300இஆர். 777-300இன் நீளத்தை அப்படியே வைத்து, புறப்பாட்டு எடையை 299 டன்னிலிருந்து 351 டன்னுக்கு மேல் கொண்டுபோனார்கள். ஜிஇ90-115பி எஞ்சின், பின்னோக்கிச் சரிந்த இறக்கை நுனி, 64.8 மீட்டர் அகலம். நீளமான விமானம் மூக்கைத் தூக்கும்போது வால் தரையில் உரசும். அதற்கு அவர்கள் கண்ட வழி மிக அழகு: ஆறு சக்கர லேண்டிங் கியரில் பின்னச்சை மையமாக வைத்து விமானம் எழும்படி செய்தார்கள். விமானம் குதிகாலில் எழும்பி நிற்கிற மாதிரி. கால் நீளாமலே உயரம் கிடைத்துவிட்டது. இதோடு போட்டியிட்ட நான்கு எஞ்சின் ஏ340-600, நூறைக்கூடத் தொடவில்லை. 777-300இஆர் 800ஐத் தாண்டியது.

எட்டாம் படி: சான்றிதழ்

பழைய விமானத்தின் மாறாத பகுதிகளுக்குப் பழைய விதியே போதும், மாறிய பகுதிக்கும் அதனால் பாதிக்கப்படும் பகுதிக்கும் இன்றைய விதி பொருந்த வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடிப்படை இதுதான். இதனால் மிச்சமாகும் காலமும் பணமும் ஏராளம். ஆனால் பாதிக்கப்படும் பகுதி எது என்று எல்லை வரைவதில்தான் மனசாட்சி வேண்டும். 737 மேக்ஸ் சின்ன உடல் விமானம்தான், இருந்தாலும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய எஞ்சினை முன்னுக்கும் மேலுக்கும் நகர்த்தியதால் மாறிய பறக்கும் குணத்தை மென்பொருளால் சரிக்கட்டினார்கள். பைலட்டுகளுக்கு அதை விளக்கவில்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் அதிகாரிகள் எல்லா மேம்பாட்டு விமானங்களையும் முன்பைவிட உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். 777எக்ஸ் தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம். பைலட் தகுதி மாறாமல் இருக்க வேண்டும் என்று இரண்டாம் படியில் எழுதினோம். பறக்கும் குணம் நிஜமாகவே மாறாதபோதுதான் அந்த வரி செல்லும். மாறினால் அந்த வரியை அடித்துவிட்டு, பயிற்சிச் செலவை முதல் படியின் கணக்கில் சேர்த்து மறுபடி கூட்டுங்கள். கூட்டல் தோற்றால் திட்டத்தை நிறுத்த வேண்டியது அங்கேதான்.

பயிற்சிக்கு ஒரு வேலை தருகிறேன். ஏ330-300இன் பேலோட்-ரேஞ்ச் வரைபடத்தை எடுங்கள். நான்காம் படியின் இறக்கைக் கணக்கையும் மூன்றாம் படியின் எஞ்சின் கணக்கையும் போட்டு, புதுக் கோட்டை நீங்களே வரையுங்கள். பிறகு ஏ330-900இன் நிஜக் கோட்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் எங்கே விலகுகின்றனவோ, அந்த இடத்தில் எடை இருக்கும்.